பாதிச் சிலுவை

அது பங்குனி மாதம். தவக்காலத்தின் ஐந்தாம் வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று அடிக்க ஏழு நிமிடம் இருந்தது. இராயப்பன்துறைப் பங்குப் பள்ளியின் நான்காம் வகுப்பறையில், ஒன்பது வயதுப் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்த பெஞ்சில், முழங்கால்கள் மேசையின் அடிப்பலகையில் இடிக்க உட்கார்ந்திருந்தாள் துணை வட்டாட்சியர் அமலோற்பவம். அவளுக்கு முன்னால் ஒரு காகிதம் இருந்தது. காகிதத்தின் மேல் மூடி கழற்றிய பேனா ஒன்று இருந்தது. மூடியைக் கழற்றி வைத்தவர் டி.எஸ்.பி. உலகநாதன், மரியாதை தெரிந்த மனிதர், பெண்களிடம் குரலை உயர்த்தாதவர். ‘நாலு மணிக்குக் கலெக்டர் வந்துருவாரு மேடம். அதுக்குள்ள ஒரு கையெழுத்து. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்’ என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போயிருந்தார். காகிதத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான். நிர்வாக நடுவராகிய நான், முற்பகல் பதினொன்று ஐம்பதுக்கு ஒலிபெருக்கியில் மூன்று முறை எச்சரித்தும் கூட்டத்தினர் கலையாததாலும், ஆலயத்தில் கோயில்பிள்ளை வேலை பார்க்கும் யாகப்பன் என்பவர் ஆள் சேர்க்கும் நோக்கில் ஆலய மணியை இடைவிடாது அடித்ததாலும், அதைக் கேட்டு அனைவரும் ஒரேசமயத்தில் எழுந்து கற்களைப் பொறுக்கித் தாக்க முற்பட்டதாலும், வேறு வழியின்றித் துப்பாக்கிப் பிரயோகத்துக்கு உத்தரவிட்டேன். பிழை ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருட அரசுப் பணியில் கோப்புகளில் ஒற்று மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் திருத்தியே பெயர் வாங்கியவள் அவள். இந்த வாக்கியத்தில் அவளுடைய பேனாவுக்கு வேலை வைக்காமல் எழுதியிருந்தார்கள். எழுவாய் அவள். பயனிலை மூன்று பிணங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. அங்கே யாகப்பனை வைத்திருந்தார்கள். ‘ஏல, எத்தன தடவ மணி அடிச்ச?’ என்று ஒரு குரல் கேட்டது. ‘மூணு, மூணு, மூணு, பெறவு ஒம்பது ஐயா’ என்றது இன்னொரு குரல். அறுபது வயதுக் குரல், சாம்பிராணிப் புகையில் காய்ந்த குரல். ‘கணக்கு வாத்தியாரோ நீ?’ சிரிப்பு. பிறகு அந்தச் சத்தம். லத்தி முதுகில் விழுந்தால் ஒரு சத்தம், எலும்பில் விழுந்தால் ஒரு சத்தம் என்பதை இன்று பிற்பகலில்தான் அவள் கற்றுக்கொண்டாள். முதலாவது ஈரத்துணி துவைப்பதைப் போலிருந்தது, இரண்டாவது உலர்ந்த மட்டையை முறிப்பதைப் போலிருந்தது. ‘யாரு அடிக்கச் சொன்னா? சாமியாரா?’ ‘யாரும் சொல்லல ஐயா. மத்தியானம் பன்னெண்டுக்கு உள்ள மணி ஐயா அது. மூவேள மணி. நாப்பது வருசமா அடிக்கேன்.’ ‘அப்ப எத்தன தடவ?’ ‘மூணு, மூணு…’ உலர்ந்த மட்டை. அவள் கண் கரும்பலகைக்குப் போயிற்று. நேற்றைய தேதியும், வருகை முப்பத்திரண்டு என்பதும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதப்பட்டிருந்தன. இன்று பள்ளிக்கு விடுமுறை விட்டதும் அவள்தான்; அந்த உத்தரவும் அவள் எழுதியதுதான்; தடை உத்தரவும் அவள் எழுதியதுதான். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது, கூட்டம் சேர்க்கும் நோக்கில் மணி, சங்கு, பறை முதலியவற்றை ஒலிக்கக்கூடாது. பழைய கோப்பிலிருந்து எடுத்த வாசகம். மணி என்று எழுதியபோது இந்த மணி அவள் நினைவுக்கு வரவில்லை. தெருவில் விற்கிறவன் ஆட்டுகிற மணி, ஊர்க்காவலன் அடிக்கிற மணி, அப்படி ஏதோ ஒன்று. கோயில் மணியை யாராவது மணி என்று நினைப்பார்களா? கடல் இரைவதை யாராவது சத்தம் என்று புகார் எழுதுவார்களா?

சேலைக் கரையில் இரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொள்ளவும் முடியும். மூன்று மணி நேரமாக இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருந்தாள். மெற்றில்டா என்பது பெயர். காலை எட்டு மணிக்கு, நிலக்கரி இறக்கும் பாலத்துக்கு எதிராகக் கோயில் முன்சாலையில் ஊர் முழுக்க வந்து உட்கார்ந்தபோது, முதல் வரிசையில் மீன்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்; விற்ற பிறகு வரலாம் என்றால் இடம் போய்விடும், விற்காமல் வந்தால் சாளை நாறிவிடும் என்று பக்கத்திலிருந்தவளிடம் புலம்பிக்கொண்டிருந்தவள். அவள்தான் கேட்டாள்: ‘தாசில்தாரம்மா, நீங்க பூச காணுதவியதான? கழுத்துல மாதா படம் கெடக்கே. அப்ப இங்க வந்து உக்காருங்க. வெயிலு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.’ சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அமலோற்பவமும் சிரித்தாள். சிரித்திருக்கக்கூடாது, கூடச் சேர்ந்து சிரித்தவளைச் சுட்டால் அது வேறு கணக்கு. நீங்கள் சட்டப்படி கலைந்து போங்கள், மனுக் கொடுங்கள் என்றாள். ‘மனு குடுத்து மூணு வருசமாச்சு. ஒங்க ஆபீசு பீரோவுல எங்க மனுவுக்குப் பேரப்பிள்ள பொறந்திருக்கும்.’ மறுபடியும் சிரிப்பு. பாலத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தின் அறிக்கையை எழுதியதும் அமலோற்பவம்தான். இருநூற்றுச் சொச்சம் பேர் எதிர்த்துப் பேசினார்கள், பதினோரு பேர் ஆதரித்தார்கள். பொதுவாக ஆதரவு நிலவுகிறது என்று எழுதினாள். பொய் எழுத வேண்டும் என்று எழுதவில்லை. அறிக்கையின் அந்தப் பத்திக்கு அதுதான் வழக்கமான வாசகம். இட்லி மாவுக்குத் தட்டு எப்படியோ அப்படி வாசகம் முதலில் வந்துவிடுகிறது, மனிதர்கள் பிறகு அதன் வடிவத்துக்கு ஊற்றப்படுகிறார்கள்.

பத்தரை மணிக்கு உலகநாதன் வந்து பக்கத்தில் நின்றார். நிலக்கரிப் பாலத்து வாசலை நோக்கிக் கூட்டம் நகர்ந்தால் என்ன செய்வது என்று பேசினார்கள். நகராது என்றாள் அவள். நகர்ந்தால் என்றார் அவர். சுடுவதற்கு உத்தரவு உங்கள் வாயிலிருந்து வரவேண்டும் என்றார், ஆனால் இந்த ஒலிபெருக்கிச் சத்தத்தில் நீங்கள் சொல்வது என் காதில் விழாது. ஆகையால் கையை நெற்றிக்கு நேராக உயர்த்துங்கள், நான் புரிந்துகொள்வேன், எழுத்திலே பிறகு கொடுக்கலாம். ‘சல்யூட் மாதிரியா?’ என்று அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ‘சல்யூட் மாதிரியேதான் மேடம்.’ அவரும் சிரித்தார். இன்றைக்கு எல்லோரும் எவ்வளவு சிரித்திருக்கிறோம் என்று இப்போது அவளுக்குத் தோன்றியது. ஒரு நாளில் இவ்வளவு சிரிப்பு ஆகாது. அப்போதே சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு மணிக்கு ஒரு மணி அடிக்கும், நாளுக்கு மூன்று வேளை அடிப்பது, வானதூதர் மாதாவிடம் செய்தி சொன்னதை நினைவுகூருகிற மணி, அது கேட்டால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், நடக்கிறவர்கள் அப்படியே நிற்பார்கள், மூன்றாவது சுற்றில் எல்லோரும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவார்கள், பயப்படாதீர்கள் என்று. இருபது விநாடி பிடிக்கும் சொல்ல. சொல்லவில்லை, சொல்லவேண்டியது என்று தோன்றவில்லை. மூச்சு விடுவதை யார் யாருக்கு அறிவிப்பது? அவள் ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்த மணிக்கு எழுந்து நின்றவள். அலுவலகத்தில், மேலதிகாரியின் முன்னால், கோப்பைத் தேடுகிறவள்போல எழுந்து நின்று, உதடு அசையாமல் சொல்லி முடித்து உட்காருவாள், யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் இருந்ததே அவளுடைய விசுவாசத்தின் பெருமையாக இருந்தது. அரசாங்கத்துக்கு அரசாங்கத்துடையது, அதன் நடுவே ஒரு நிமிடம் ஆண்டவருக்கு. எந்தக் கோப்பும் தாமதமானதில்லை.

பன்னிரண்டு. முதல் மூன்று அடி. ஈராயிரம் பேர் ஒரே உடம்பாக எழுந்தார்கள், கோஷம் நின்றது, ஒலிபெருக்கி நின்றது, கடல் மட்டும் நிற்கவில்லை. காவலர் வரிசையில் ஒரு சலசலப்பு, ‘எந்திச்சிட்டானுவ, எந்திச்சிட்டானுவ’ என்று. அவளுடைய இடக்கை முந்தானையைத் தலைக்கு இழுத்தது. அவளுடைய வலக்கை சிலுவை வரைய மேலே போயிற்று. நெற்றி. பிதா. இங்கேதான் நினைவு மாட்டிக்கொள்கிறது; வலை பாறையில் மாட்டுவதைப்போல, எத்தனை முறை இழுத்தாலும் இதே இடத்தில். கை நெற்றியில் இருந்தபோது, பிதா என்பதற்கும் சுதன் என்பதற்கும் நடுவிலே, அவளுக்கு அந்த ஏற்பாடு நினைவுக்கு வந்தது. சல்யூட் மாதிரியேதான் மேடம். வந்ததா? மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வந்ததை அந்த நொடியில் வந்ததாக மனம் கற்பிக்கிறதா? இல்லை; வந்தது. உலகநாதனின் முகம் தன் பக்கம் திரும்புவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். கையை இறக்கியிருக்கலாம். உதறியிருக்கலாம், வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். ஆனால் பாதியில் விட்ட சிலுவை பேய்ச் சிலுவை என்று ஆறு வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரி பிரம்பால் புறங்கையில் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். தொடங்கினால் முடி, நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள், அவசரப்படாதே, ஈ ஓட்டாதே. அவள் முடித்தாள். ஒழுங்காக, அழகாக, அவசரமில்லாமல் முடித்தாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். அந்தச் சிலுவையின் மிச்ச முக்கால் பாகத்துக்கு மூன்று உயிர்கள். ஒரு பாகத்துக்கு ஒன்று.

கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மூன்றாவது சுற்றுக்குக் கண் தானாகத் திறந்துவிட்டது. செபத்தில் வார்த்தை மனுவுருவானார் என்று வரும் இடத்தில் முழங்காலை ஊன்றவேண்டும். தரை பார்த்து ஊன்றவேண்டும், வயதாகிவிட்டது. ஈராயிரம் பேரும் குனிந்தார்கள். ‘குனியுதானுவ சார்! கல்லு எடுக்கானுவ!’ என்று ஒரு தொண்டை கிழிந்தது. கண்ணீர்ப்புகை வண்டி பின்னால் மணலில் புதைந்து கிடந்தது. அனுமதிதான் ஏற்கெனவே வந்துவிட்டதே, நெற்றிக்கு நேராக, ஈராயிரம் பேர் சாட்சியாக. முதல் வெடி அவளுக்குப் பட்டாசாகத்தான் கேட்டது. வலை பின்னுகிற சந்தியாகு முழங்காலில் இருந்தபடியே முகத்தை இழந்தார், கீழே விழவில்லை, கூப்பிய கை கூப்பியபடி, முகம் இருந்த இடத்தில் சிவப்பாக ஏதோ கொதிக்க, ஒரு நீண்ட கணம் செபம் செய்துகொண்டே இருந்தார். கல்லூரியில் படிக்கும் டெல்வின் என்ற பையனுக்கு வயிற்றில் பட்டது. அவன் இரண்டு கையாலும் வயிற்றை அள்ளி உள்ளே போடப் பார்த்தான், சிந்திய சோற்றை அள்ளுகிறவனைப் போல. ஓடியவர்கள் ஓடுகிற திசை தெரியாமல் காவலர் பக்கமே ஓடிவந்தார்கள். அதனால் மறுபடியும் சுட்டார்கள். மெற்றில்டா ஓடவில்லை; கூடையைத் தாண்டி, சாளைகளில் வழுக்கி, நேரே அமலோற்பவத்திடம் வந்து, அவளுடைய சேலையைப் பிடித்து, ‘யம்மா, சொல்லுங்க, செபம்னு சொல்லுங்க அவ்வொகிட்ட’ என்றாள். இவள் வாய் திறப்பதற்கு முன் மெற்றில்டாவின் கழுத்துப் பக்கம் திறந்துகொண்டது. பிடித்த பிடி விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது; பிரித்தது யார்? நான்தான், நான்தான். அப்போதும் மணி நிற்கவில்லை. கயிறு இருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. யாகப்பன் வெளியே நடப்பது தெரியாமல், அல்லது தெரிந்தும் எண்ணிக்கையை முறிக்கக்கூடாதென்று, ஒன்பது அடியையும் அடித்து முடித்தார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு வெடி. எட்டுக்குப் பிறகு இரண்டு. அவரும் தொடங்கியதை முடிப்பவர்தான். நாங்கள் எல்லோரும் நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள்.

‘மேடம், சாப்பிடலியே நீங்க’ என்று ஏட்டு ஒருவர் பொட்டலத்தை மேசையின் ஓரத்தில் வைத்தார். ‘மட்டன் பிரியாணி. சூடு ஆறுது.’ எண்ணெய் காகிதத்தில் ஊறி, அந்த ஒரு வாக்கியத்தின் பக்கம் பரவப் பார்த்தது. அவள் காகிதத்தைச் சற்று நகர்த்தினாள். ஏன் நகர்த்தினாள்? கறை படாமல் இருக்கவா? ‘இன்றைக்கு வெள்ளிக்கிழமை’ என்றாள். ‘ஓ, முருகனுக்கா மேடம்? எங்க வீட்லயும் அப்படித்தான்’ என்றார் ஏட்டு, மிகுந்த மரியாதையுடன், ‘அப்ப தயிர்சாதம் ஏதாச்சும் பாக்கச் சொல்லுதேன்’ என்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். இந்த மனிதருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பக்கத்து அறைக்குப் போய் என்ன செய்வார்? லத்தியை எடுப்பாரா, பொட்டலத்தைப் பிரிப்பாரா? தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி தின்னமாட்டேன் என்ற அந்தச் சுத்தம் அவளுக்கே கூசியது. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் ஒரே ஓர் அரசு அதிகாரியின் பெயரைச் சொல்கிறோம், இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பிட்ட பிலாத்து. இரண்டாயிரம் வருடமாக, எல்லா நாட்டிலும், எல்லா மொழியிலும். அவனுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றியவன் யார்? தீர்ப்பை நகலெடுத்த எழுத்தன் யார்? ஒற்றுப் பிழை திருத்தியவன் யார்? அவர்களுக்கெல்லாம் ஓய்வூதியம் ஒழுங்காக வந்திருக்கும். பெயர் வராமல் போவதுதான் எத்தனை பெரிய அருள். அவளுக்கு ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம்.

செல்பேசி அதிர்ந்தது. தம்பி, குருவானவர் அருளப்பன், ஆயர் இல்லத்துச் செயலர். ‘அக்கா, நீ நல்லா இருக்கியா? அடி கிடி படலையே?’ படவில்லை என்றாள். ‘ஆண்டவருக்குத் தோத்திரம். கேளு. ஆயர் சமாதான அறிக்கை தயார் பண்ணிட்டாரு. அமைதி காக்கச் சொல்லியிருக்கு, உயிரிழப்புக்கு வருத்தம் சொல்லியிருக்கு. மணியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நீயும் வாயத் திறக்காத. கோயில் மணி வழக்குல வந்தா கோயில் வழக்குல வரும். கோயில் வந்தா மறைமாவட்டமே வரும், நம்ம பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் நோண்டுவாங்க. தேர்தல் வேற வருது.’ அவள் சொன்னாள்: ‘யாகப்பனைப் பக்கத்து அறையில் அடிக்கிறார்கள், தம்பி.’ ‘தெரியும். வக்கீல் வைப்போம். அவன நாங்க கைவிட மாட்டோம்.’ ‘மணி மூவேளை மணி என்று அவர்களிடம் யாராவது சொல்லவேண்டும்.’ ‘சொல்லுவோம், நேரம் பாத்து.’ அவள் செல்பேசியை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள். கை, நெற்றி, ஏற்பாடு, பிதாவுக்கும் சுதனுக்கும் நடுவில் நினைவு வந்தது, எல்லாம். ‘இத யார்ட்டயாவது சொன்னியா?’ ‘உன்னிடம்தான்.’ ‘அப்ப இதப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லு அக்கா. நானே கேக்கேன், நாளைக்கே வாரேன். காகிதத்துல மட்டும் சொல்லாத.’ அவன் குரலில் நிஜமான அன்பு இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது. பொய்யன் சொன்னால் தள்ளிவிடலாம்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். பலகணி வழியாக, மெல்லிய குரலில், சாமி நான் ஒரு சிலுவை வரைந்தேன். எத்தனை முறை, மகளே? ஒரு முறை. பத்து அருள்நிறை மந்திரம் சொல். பாவம் போய்விடும், ஐயமில்லை, போய்விடும், அவள் அதை நம்பினாள், நாற்காலி மரத்தால் ஆனது என்று நம்புவதைப் போல நம்பினாள். ஆனால் அயலானின் பொருளைத் திருடியவன் பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்புப் பெற முடியாது என்பதையும் அதே கன்னியாஸ்திரிதான் அதே பிரம்போடு சொல்லிக் கொடுத்திருந்தார். கோழியைத் திருடியவன் கோழியைக் கொடுக்கவேண்டும். தின்றுவிட்டால் விலையைக் கொடுக்கவேண்டும். இங்கே திருடியது என்ன? ஒரு மனிதனின் குற்றமின்மை. அது இப்போது சுவருக்கு அந்தப் பக்கத்தில் உடைந்துகொண்டிருக்கிறது. தின்று முடிக்கவில்லை இன்னும். கையெழுத்துப் போட்டால் முடித்துவிடலாம். போடாமல் எழுந்து போனாலும் அவர்கள் வேறு கையெழுத்தை வாங்கிக்கொள்வார்கள், மாவட்டத்தில் துணை வட்டாட்சியர்களுக்கா பஞ்சம். நடந்ததை எழுதினால்? எழுதினால் கொலைகாரி. ஈராயிரம் பேர் பார்த்திருக்க, மாதா படத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, செபம் சொல்லிக்கொண்டே ஊரைச் சுடச் சொன்னவள். மெற்றில்டாவின் பிள்ளைகள் வளர்ந்து அவள் பெயரைச் சொல்லித் துப்புவார்கள். மூன்று பதினைந்து. மூன்று இருபது. போடாதே, போடு, எழுதாதே, எழுது. கடற்காற்று ஜன்னல் கதவை அடித்தது. அவள் உடம்பு வெடிச் சத்தத்துக்குத் துள்ளுவதைப் போலத் துள்ளியது. ‘கடைசியாக் கேக்கேன், ஏல. எத்தன தடவ?’ உலர்ந்த மட்டை, ஒன்று; உலர்ந்த மட்டை, இரண்டு. ஓர் ஊளை, மனிதனுடையது என்று சொல்ல முடியாத ஊளை. அதற்குப் பிறகு, மூச்சை இழுத்து இழுத்து, அந்தச் சாம்பிராணிக் குரல் சொன்னது: ‘நிக்காம அடிச்சேன் ஐயா. எண்ணல. நிக்காம, நிக்காம அடிச்சேன்.’

நாற்பது வருடத்தில் ஓர் அடி கூடவோ குறையவோ அடித்தறியாதவர். மழையில், காய்ச்சலில், மகள் செத்த அன்றைக்கு, புயலில் கோபுரத்து ஓடு பறந்தபோது, ஒன்பதுக்குப் பத்து அடித்தறியாதவர். அந்த எண்ணிக்கையைத் தவிர அவருக்கென்று இந்த உலகத்தில் ஒரு சொத்தும் இல்லை, அதையும் கொடுத்துவிட்டார். அமலோற்பவம் பேனாவை எடுத்தாள். எடுத்தபோது துணிவு என்று எதுவும் வரவில்லை; பிழையான ஒரு வாக்கியத்தைக் கண்டதும் வருகிற பழைய எரிச்சல்தான் வந்தது. ‘இடைவிடாது’ என்ற சொல்லை அடித்தாள். மேலே, சிறிய, தெளிவான எழுத்தில், ‘மும்மூன்றாக மூன்று முறை, பின் ஒன்பது, இது நாள்தோறும் அடிக்கும் மூவேளைச் செப மணி, இதை நான் முன்னரே அறிவேன், அறிந்தும் காவல் அதிகாரிக்குத் தெரிவிக்கவில்லை’ என்று எழுதினாள். ‘கற்களைப் பொறுக்கி’ என்பதை அடித்தாள். ‘முழங்காலிட்டு’ என்று எழுதினாள். ‘எச்சரித்தும்’ என்பதை அடித்தாள், எச்சரிக்கவில்லை. ‘உத்தரவிட்டேன்’ என்ற சொல்லின் மேல் பேனா நின்றது. அதை அடித்தால் தப்பலாம். நான் உத்தரவிடவில்லை, சிலுவை வரைந்தேன், அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள்; அதுவும் உண்மைதான், முக்கால் உண்மை. பேனாவின் முனையில் மை ஒரு பொட்டாக ஊறியது. அவள் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். அதன் கீழே எழுதினாள்: ‘நெற்றிக்குக் கையை உயர்த்துவதே அடையாளம் என்று முன்பே பேசியிருந்தோம். செபத்துக்காக உயர்த்தினேன். உயர்த்திய பிறகு அடையாளம் நினைவுக்கு வந்தது. இறக்கவில்லை.’ கையெழுத்திட்டாள். நேரம் மூன்று முப்பத்திரண்டு என்று போட்டாள். பிறகு எழுந்துபோய், ஐந்தாம் வகுப்பின் கதவைத் திறந்து, ‘நிறுத்துங்கள்’ என்றாள். மதியம் சொல்லியிருக்க வேண்டிய சொல். தரையில் கிடந்த மனிதரின் வலது கை, கை இருக்கவேண்டிய கோணத்தில் இல்லை. பிரியாணிப் பொட்டலம் பிரித்தபடி ஜன்னல் திட்டில் இருந்தது.

உலகநாதன் காகிதத்தை வராந்தா வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு பெரிய முட்டாள்தனத்தைப் பார்க்கிற வருத்தம்தான் இருந்தது. ‘என்ன மேடம் இது? நான் உங்களக் காப்பாத்துறதுக்கு எழுதியாந்தேன். நீங்க உங்களையும் சேத்து எங்க எல்லாரையும் எழுதிட்டீங்களே.’ ‘பிழை இருந்தது, திருத்தினேன்’ என்றாள். ‘கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுத எனக்கு ரெண்டு நிமிசம் ஆகாது.’ ‘கிழியுங்கள். கலெக்டர் வந்ததும் வாயால் சொல்வேன். மறுபடியும் எழுதுவேன். எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை.’ அவர் அவளையே பார்த்தார். ‘அந்த ஆளு உங்களுக்கு என்ன வேணும்? சொந்தமா?’ ‘இல்லை.’ ‘பெறகு என்னத்துக்கு?’ கடலோரம் ஆம்புலன்ஸ் ஒன்று மணலில் முனகிக்கொண்டிருந்தது. கோயிலிலிருந்து பெண்களின் ஒப்பாரி காற்றோடு வந்து வந்து போயிற்று. அதில் மெற்றில்டா என்ற பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது. நாலு மணிக்கு வரவேண்டிய கலெக்டர் நாலு நாற்பதுக்கு வந்தார். அதுவரை இரண்டு பேரும் ஒரே வராந்தாவில், ஒரு தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

அன்று மாலை ஆறு மணிக்கு அமலோற்பவம் பணியிடை நீக்கம் செய்யப்பட்டாள். இறந்த மூவரின் குடும்பங்களுக்கும் தலைக்கு இருபது லட்சம் ரூபாய் என்று அரசு சித்திரையில் அறிவித்து ஐப்பசியில் கொடுத்தது. உலகநாதன் மறு ஆண்டு பதவி உயர்வு பெற்று வேறு மாவட்டம் போனார். அவர் யாருக்கும் எதுவும் கொடுக்கவேண்டி வரவில்லை. துப்பாக்கிச் சூடு குறித்த விசாரணை ஆணையம் இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பதால், அமலோற்பவத்தின் மேல் துறை கொண்டுவந்து நிரூபித்த குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: பணி நேரத்தில் சமயச் சடங்கில் ஈடுபட்டமை. அதற்காக அவளுடைய ஓய்வூதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு பத்து ஆண்டுகளுக்கு, மாதந்தோறும், பிடிக்கப்படுகிறது. யாகப்பனின் மேல் போட்ட ஐந்து பிரிவுகளில் நான்கு, அந்தக் காகிதத்தின் பலத்தில் தள்ளுபடியாயின. தடை உத்தரவு அமலில் இருந்தபோது மணி ஒலித்தது என்ற ஒன்று மட்டும் நின்றது. இரண்டாம் ஆண்டு ஆவணி பன்னிரண்டாம் தேதி நீதிமன்றம் அவருக்கு முந்நூறு ரூபாய் அபராதம் விதித்தது. மறைமாவட்டத்து வக்கீல் பணத்தை நீட்டினார். வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்த அமலோற்பவமும் நீட்டினாள். யாகப்பன் இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். ‘கை ஒங்களதுன்னு நீங்க எழுதிக் குடுத்தியள்லா தாயி? மணி என்னோடது’ என்று சொல்லி, மடியிலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை இடது கையால் எடுத்து, அன்றைக்கே, பகல் பதினொன்றரைக்குக் கட்டினார்.